தலைப்புச் சரத்தைப் பிரித்தல்: இணைய வளங்களுக்கு எளிய பொருள் தலைப்பு இடும் முழுமையான வழிகாட்டி

மின்னூலகம் தொடங்குபவர்கள் பொருள் விவரம் இடும் கட்டத்துக்கு வந்ததும் வழக்கமாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். குழுவில் நூலகவியல் படித்தவர் இருந்தால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளை, அதாவது ஒரு வளம் எதைப் பற்றியது என்று குறிக்க அந்நூலகம் ஒழுங்குபடுத்திய பெயர்களை, அவற்றின் எல்லா விதிகளோடும் கொண்டுவந்து வைப்பார். அப்படி ஒருவர் இல்லையென்றால், தோன்றிய சொற்களைக் குறிச்சொற்களாக இட்டுக்கொண்டே போவார்கள். முதல் வழியில் வேலை நகராது. இரண்டாவது வழியில் வேலை ஓடும்; ஆனால் சில நூறு பதிவுகள் சேர்ந்ததும் ‘செவிலியர்’, ‘செவிலியர்கள்’, ‘தாதியர்’, ‘நர்சுகள்’ என்று ஒரே பொருள் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. காங்கிரஸ் நூலகத் தலைப்புகளை ஒரே பொருளாகப் பார்ப்பதால்தான் அது கண்ணில் படுவதில்லை. அவற்றில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சொற்றொகுதி: எந்தப் பொருளை எந்தப் பெயரால் குறிப்பது, மற்ற பெயர்களில் தேடுகிறவரை எப்படி அங்கே கொண்டுவந்து சேர்ப்பது என்ற ஒழுங்கு. 1898இல் தொடங்கி நூலகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த செல்வம் இது. மற்றது தொடரமைப்பு: அந்தப் பெயர்களை எந்த வரிசையில் கோத்து ஒரு நீண்ட சரமாக்குவது என்ற விதிகள். பயிற்சி இல்லாதவரை விரட்டுவது இந்த இரண்டாவது பகுதிதான். எனவே சொற்றொகுதியை வைத்துக்கொண்டு தொடரமைப்பைக் கைவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே வேலையைத்தான் படிப்படியாகச் செய்கிறது.

இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நூலகங்களின் கூட்டுறவு அமைப்பான ஓசிஎல்சி நிறுவனமும் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து 1998இன் இறுதியில் தொடங்கிய ‘ஃபாஸ்ட்’ என்ற திட்டம் இதைச் செய்துவைத்திருக்கிறது. எட்வர்ட் ஓ’நீலும் லோயிஸ் மை சானும் அதில் முன்னின்று உழைத்தவர்கள். காங்கிரஸ் நூலகத் தலைப்புகளிலிருந்து பிரித்தெடுத்த பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் அதில் இருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் அவை கிடைக்கின்றன. ஃபாஸ்டை அப்படியே எடுத்தாளலாம். அல்லது அதன் முறையை மட்டும் வாங்கிக்கொண்டு உங்கள் பட்டியலை நீங்களே அமைக்கலாம். படிகள் இரண்டுக்கும் பொதுவானவை.

சரம் எதற்காக வந்தது

பிரிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் எதைத் தூக்கி எறிகிறோம் என்பது தெரியாமல் போகும்.

நூலக அட்டைப் பெட்டியில் ஓர் அட்டையை ஓர் இடத்தில்தான் அடுக்க முடியும். தேடுகிறவர் முதல் சொல்லைப் பிடித்து உள்ளே போய், அட்டைகளைப் புரட்டிக்கொண்டே தன் பொருளைக் குறுக்க வேண்டும். ஆகவே பொருள், இடம், காலம், வடிவம் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினார்கள். ‘ஐக்கிய அமெரிக்கா – வரலாறு – உள்நாட்டுப் போர், 1861–1865 – நேரடி அனுபவக் குறிப்புகள்’ என்பது அப்படிப்பட்ட ஒரு வரி. அட்டைப் பெட்டியில் இது அருமையான ஏற்பாடு. நூலகர் தேடலைத் தானே முன்கூட்டிச் செய்துவைத்துவிடுகிறார்.

இன்றைய தேடல் பக்கத்தில் தேடுகிறவர் சொற்களைத் தானே சேர்க்கிறார். இடப்பக்கம் இருக்கும் வடிகட்டிப் பட்டியலில் இடத்தையும் காலத்தையும் சொடுக்கிக் குறுக்குகிறார். அந்தப் பட்டியலில் முழுச் சரங்களைப் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு சரத்துக்கும் எதிரே ‘1’ என்று நிற்கும். ஆயிரம் வரிகள், ஆயிரம் ஒன்றுகள். யாருக்கும் பயனில்லை.

சரத்துக்குள் வரிசையும் சீராக இல்லை. சில தலைப்புகளில் பொருளுக்குப் பின் இடம் வரும். சிலவற்றில் இடமே முதலில் நிற்கும். எந்தத் துணைத்தலைப்பின் பின்னால் இடத்தைச் சேர்க்கலாம் என்பதைத் தலைப்புக்குத் தலைப்பு பார்க்க வேண்டும். 1991இல் ஏர்லி ஹவுஸ் என்ற இடத்தில் காங்கிரஸ் நூலகம் கூட்டிய மாநாடு, பொருள், இடம், காலம், வடிவம் என்ற ஒரே வரிசைக்கு மாறப் பரிந்துரைத்தது. உள்ளிருந்தே எளிமையாக்கும் முயற்சிகளும் நடந்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2007இல் அதே நூலகம் சரங்களைக் கைவிடலாமா என்று ஆராய்ந்து, தொடர்வதென்றே முடிவெடுத்தது. அதற்கு அவர்கள் வைத்த வாதங்களை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அவை பின்னால் வரும்.

முதல் படி: எதை விவரிக்கிறீர்கள்?

நூலுக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அட்டைக்கு அட்டை ஒரு நூல். இணைய வளத்துக்கு எழும். ஒரு தளம் முழுவதற்கும் ஒரு பதிவா, அதிலுள்ள தொகுப்புக்கா, ஒவ்வொரு கோப்புக்குமா? இதை முடிவு செய்யாமல் தலைப்பு தேட ஆரம்பித்தால், ஒரே சேகரிப்பில் ஒரு பதிவு தளத்தையும் மற்றொன்று ஒற்றைப் படத்தையும் விவரித்துக்கொண்டிருக்கும்.

தொகுப்பு அளவில் ஒரு பதிவு, தனியாகத் தேடப்படக்கூடிய உருப்படிகளுக்கு மட்டும் தனிப் பதிவு என்பதே நான் பரிந்துரைக்கும் முறை. வழிகாட்டி முழுவதும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 1918–1919 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயின்போது லண்டன் மருத்துவமனைகளில் பணிபுரிந்த செவிலியர்கள் எழுதிய கடிதங்களின் மின்வடிவத் தொகுப்பு. கற்பனையான தொகுப்புதான், ஆனால் எல்லாக் கூறுகளும் அதில் வந்துவிடுகின்றன.

பழைய முறையில் இதற்குக் குறைந்தது இரண்டு சரங்கள் வேண்டும்.

இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய், 1918–1919 – இங்கிலாந்து – லண்டன் – நேரடி அனுபவக் குறிப்புகள்
செவிலியர்கள் – இங்கிலாந்து – லண்டன் – கடிதப் போக்குவரத்து

இடம் இருமுறை வந்திருப்பதைக் கவனியுங்கள். மூன்றாவதாக மருத்துவமனைகளைப் பற்றி ஒரு சரம் சேர்த்தால் லண்டன் மூன்றாவது முறையும் வரும்.

இரண்டாம் படி: கூறுகளாகப் பிரித்தல்

ஃபாஸ்ட் முதலில் எட்டுக் கூறுகளை வகுத்தது: ஆட்பெயர், நிறுவனப் பெயர், இடம், நிகழ்வு, படைப்புத் தலைப்பு, காலம், பொருள், வடிவம். பின்னர் மாநாடு, கூட்டம் போன்றவை நிகழ்விலிருந்து தனியாகப் பிரிந்தன. ஒரு பொருளை அதன் கூறுகளாக உடைத்துப் பார்க்கும் சிந்தனைக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் நூல்களை வகைப்படுத்த வெளியிட்ட கோலன் பகுப்பு முறையே பெரிய முன்னோடி. வெளியும் காலமும் அவருடைய ஐந்து அடிப்படைக் கூறுகளில் இரண்டு. அவர் கூறுகளைப் பிரித்த பின் ஒரு குறியீட்டெண்ணில் மீண்டும் கோத்தார். இங்கே நாம் கோக்காமல் விட்டுவிடுகிறோம். வேறுபாடு அவ்வளவுதான்.

நம் கடிதத் தொகுப்பு இப்படிப் பிரியும்.

பொருள்: செவிலியர்கள், மருத்துவமனைகள்
நிகழ்வு: இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் (1918–1919)
இடம்: இங்கிலாந்து – லண்டன்
காலம்: 1918–1919
வடிவம்: கடிதங்கள், நேரடி அனுபவக் குறிப்புகள்

இடம் ஒருமுறைதான் வருகிறது. எது முன், எது பின் என்ற கேள்வியே இல்லை. செவிலியர்களைத் தேடுகிறவரும் லண்டனைத் தேடுகிறவரும் 1918ஐத் தேடுகிறவரும் ஒரே பதிவுக்கு வெவ்வேறு வாசல்களால் வருகிறார்கள்.

நூலகப் பதிவுகளைக் கணினி படிப்பதற்காக வகுத்த மார்க் வடிவத்தில் உங்களிடம் ஏற்கெனவே பதிவுகள் இருந்தால், பிரிப்பதற்கான அடையாளங்கள் அவற்றிலேயே இருக்கின்றன. துணைப்புலத்தின் (புலத்தின் உட்பகுதியின்) குறி எக்ஸ் என்றால் பொருள் துணைத்தலைப்பு, இஸட் என்றால் இடம், ஒய் என்றால் காலம், வி என்றால் வடிவம். ஓர் எச்சரிக்கை: வடிவத்துக்கு வி என்ற தனிக் குறியைக் காங்கிரஸ் நூலகம் 1999இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் ‘அகராதிகள்’, ‘படத்தொகுப்புகள்’ போன்ற வடிவச் சொற்களும் எக்ஸுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். குறியை மட்டும் நம்பி இயந்திரத்தால் பிரித்தால் அவை பொருள் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடும். பிரிக்கும் முன் எக்ஸ் சொற்களையெல்லாம் தனிப் பட்டியலாக எடுத்து, எத்தனை முறை வருகின்றன என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். அடிக்கடி வரும் சொற்களிலேயே வடிவச் சொற்கள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பதிவு எண்ணிக்கை பெரிதாக இருந்தால் ஓசிஎல்சி தரும் மாற்றுக் கருவியைப் பயன்படுத்தலாம். வேர்ல்ட்கேட் என்ற அதன் கூட்டு நூலகப் பட்டியலில் உங்கள் வளத்துக்கு ஏற்கெனவே பதிவு இருந்தால், பல பதிவுகளில் ஃபாஸ்ட் தலைப்புகள் தானாகவே சேர்ந்திருக்கும். முதலில் அங்கே பார்த்துவிடுங்கள். செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: பொருள் கூறு

மற்ற எல்லாக் கூறுகளையும்விட இதற்குத்தான் யோசனை அதிகம் வேண்டும்.

அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் 1876இல் எழுதிய விதி இன்னும் செல்லும்: பொருளை அதன் மிகக் குறிப்பான பெயரால் இடுங்கள், அது அடங்கும் பெரிய வகையின் பெயரால் அல்ல. செவிலியர்களைப் பற்றிய வளத்துக்குச் ‘செவிலியர்கள்’ போதும். கூடவே ‘மருத்துவப் பணியாளர்கள்’, ‘மருத்துவம்’, ‘உடல்நலம்’ என்று மேல்நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டாம். அப்படி ஏறினால் ‘மருத்துவம்’ என்ற வடிகட்டிக்குள் சேகரிப்பில் பாதி வந்து விழும். பரந்த சொல்லுக்கும் குறிப்பான சொல்லுக்கும் உள்ள உறவைச் சொற்றொகுதியில் ஒருமுறை பதித்தால் போதும். ஒவ்வொரு பதிவிலும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

எல்லாத் துணைத்தலைப்புகளையும் வெட்டிவிடக் கூடாது என்பது அடுத்தது. எளிமையாக்கும் ஆர்வத்தில் பலரும் இங்கேதான் அதிகமாக வெட்டுகிறார்கள். ‘மருத்துவமனைகள் – நிர்வாகம்’ என்ற தலைப்பில் இரண்டு பகுதிகளும் பொருளே. அதைப் பிரித்து ‘மருத்துவமனைகள்’, ‘நிர்வாகம்’ என்று தனித்தனியாக இட்டால், ‘நிர்வாகம்’ என்ற சொல் அந்தரத்தில் நிற்கும். எதன் நிர்வாகம்? ஃபாஸ்ட் இங்கே தெளிவாக இருக்கிறது: வெவ்வேறு கூறுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் அவிழ்க்கும், ஒரே கூறைச் சேர்ந்த பொருளும் அதன் துணைப்பொருளும் சேர்ந்தே இருக்க விடும். ‘வரலாறு – தத்துவம்’ என்பது வரலாற்றைப் பற்றிய தத்துவச் சிந்தனை. ‘தத்துவம் – வரலாறு’ என்பது தத்துவம் வளர்ந்த கதை. சொற்கள் இரண்டும் அவைதாம்; வரிசை மாறினால் நூலே வேறு. சரத்தை ஆதரிப்பவர்கள் காட்டும் இப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகள் நியாயமானவை.

எனவே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். துணைத்தலைப்பைத் தனியாக எடுத்து வைத்தால், வடிகட்டிப் பட்டியலில் அதைச் சொடுக்க யாருக்காவது காரணம் இருக்குமா? ‘லண்டன்’, ‘1918–1919’, ‘கடிதங்கள்’ மூன்றையும் சொடுக்குவார்கள். ‘நிர்வாகம்’, ‘வடிவமைப்பு’, ‘சமூகப் பார்வைகள்’ ஆகியவற்றை எவரும் தனியாகச் சொடுக்க மாட்டார்கள். பின்னவற்றை முதன்மைப் பொருளோடு ஒட்டியே வையுங்கள்.

எத்தனை பொருள் தலைப்புகள் இடலாம்? காங்கிரஸ் நூலகக் கையேட்டின் அளவுகோல் எளியது. வளத்தில் குறைந்தது 20 சதவீதத்தையாவது பிடிக்கும் பொருளுக்கே தலைப்பு. பொதுவாக ஆறு போதும், பத்தைத் தாண்டுவதில்லை. ஆறு என்ற எண் சரங்களுக்காகச் சொன்னது. கூறுகளாகப் பிரித்தால் மொத்த எண்ணிக்கை இயல்பாகவே கூடும் என்பதால், பொருள் கூறில் மட்டும் மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 20 சதவீத அளவுகோலைக் கைவிட வேண்டாம். ஒரே ஒரு கடிதத்தில் பூனை வருகிறது என்பதற்காகத் தொகுப்புக்குப் ‘பூனைகள்’ என்று தலைப்பிட்டால், பூனை தேடி வந்தவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

நான்காம் படி: இடம்

காங்கிரஸ் நூலகத் தலைப்புகளில் இடப்பெயர் இரண்டு உருவங்களில் உலவுகிறது. முதன்மைத் தலைப்பாக வந்தால் ‘லண்டன் (இங்கிலாந்து)’. துணைத்தலைப்பாக வந்தால் ‘இங்கிலாந்து – லண்டன்’. கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு இடங்கள். ஃபாஸ்ட் எல்லாவற்றையும் பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு இறங்கும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது: ‘பிரான்ஸ் – பாரிஸ்’. அதிகபட்சம் மூன்று அடுக்கு. அமெரிக்க நகரங்கள் நாட்டின் பெயரில் தொடங்காமல் மாநிலத்தின் பெயரில் தொடங்கும்: ‘இல்லினாய் – சிகாகோ’.

இந்த இறங்குவரிசை வடிகட்டிக்கு மிகப் பொருத்தம். மேலடுக்கைச் சொடுக்கினால் உள்ளிருப்பவை விரிகின்றன. வளம் நாட்டைப் பற்றியதா, அதன் ஒரு நகரத்தைப் பற்றியதா என்று மட்டும் பாருங்கள். நகரத்தைப் பற்றியதென்றால் நகரம் போதும். நாட்டைத் தனியாக மறுபடியும் இட வேண்டாம், அது அடுக்கிலேயே இருக்கிறது.

வளம் வெளியான இடம் வேறு, வளம் பேசும் இடம் வேறு. சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனாலும் பல பேர் கூடிப் பதிவு செய்யும் சேகரிப்புகளில் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது. உங்கள் வழிமுறைக் குறிப்பில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

ஐந்தாம் படி: காலம்

பழைய தலைப்புகளில் காலம் பல வேடங்களில் வரும். ‘19ஆம் நூற்றாண்டு’ என்று வரும். ‘டியூடர்கள், 1485–1603’ என்று அரச மரபின் பெயரோடு வரும். ஒரு நாட்டின் வரலாற்றுக்கு ஒரு காலப்பகுப்பு, அண்டை நாட்டுக்கு வேறொன்று. ஃபாஸ்ட் இவற்றையெல்லாம் வெறும் எண்களாக்கிவிடுகிறது: 1800–1899, 1485–1603. எல்லாக் கூறுகளிலும் உழைப்புக்கு மீறிய பலன் தருவது இதுதான். எண்ணாக இருந்தால் ‘1850க்கும் 1920க்கும் இடையில்’ என்று தேட முடியும். கோட்டில் இழுத்துக் குறுக்கும் காலக் கருவியை அமைக்க முடியும். ‘டியூடர்கள்’ என்று எழுதிவைத்தால் முடியாது.

தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு இரண்டையும் தனித்தனி நிரல்களில் எண்ணாகவே சேமியுங்கள். காட்டும்போது எப்படி வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம். ‘சுமார் 1850’, ‘1918 அல்லது 1919’ போன்ற உறுதியற்ற காலங்களை எழுதுவதற்கென்றே வகுத்த முறை 2019இல் ஐஎஸ்ஓ 8601 தரநிலையின் இரண்டாம் பகுதியாகச் சேர்ந்தது. காப்பக வளங்களைக் கையாள்பவர்கள் அதைப் பின்பற்றுவது நல்லது. வளம் உருவான தேதியோ மின்வடிவமாக்கிய தேதியோ இந்தக் கூறில் வரக்கூடாது. இது வளம் பேசும் காலம்.

ஆறாம் படி: வடிவம்

வளம் எதைப் பற்றியது என்பதும் வளம் எது என்பதும் இணையத்தில் எளிதாகக் கலந்துவிடுகின்றன. கடிதம் எழுதும் கலையைப் பற்றிய கட்டுரைக்குக் ‘கடிதங்கள்’ பொருள். நம் தொகுப்புக்கு அதே சொல் வடிவம். இரண்டும் ஒரே புலத்தில் இருந்தால், உண்மையான கடிதங்களைத் தேடும் ஆய்வாளருக்குக் கட்டுரைகள் வந்து குவியும். வடிவத்துக்குத் தனிப் புலம், இருபது முப்பது சொற்களுக்கு மேல் போகாத தனிப் பட்டியல் – சிறு சேகரிப்புக்கு இது போதும்.

கோப்பின் வகையை இங்கே கொண்டுவராதீர்கள். பிடிஎஃப் என்பது வடிவம் அல்ல. அது கோப்பு வடிவமைப்பு, அதற்குத் தனி இடம் இருக்கிறது.

‘வரலாறு’ என்ற துணைத்தலைப்பை ஃபாஸ்ட் வடிவமாகவே எடுத்துக்கொள்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சிறிய சேகரிப்பில் காலம் கூறு இருக்கும்போது ‘வரலாறு’ என்ற சொல் புதிதாக எதையும் சொல்வதில்லை, அதை விட்டுவிடலாம்.

ஆட்களும் நிறுவனங்களும் நிகழ்வுகளும்

இவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். பெயர்களை நீங்களாக உருவாக்க வேண்டாம். பன்னாட்டு ஒப்புப் பெயர்க் கோப்பான வியாஃபில் பார்த்து அதன் வடிவத்தையும் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதிய வளத்துக்கு அவர் ஆக்கியோன். அவரைப் பற்றிய வளத்துக்கு அவர் பொருள். தன்வரலாறு என்றால் இரண்டிலும் வருவார்.

நிகழ்வைத் தனிக் கூறாக வைப்பது பழைய முறையை விடத் தெளிவானது. போரும் பூகம்பமும் கொள்ளைநோயும் ஒரு நாட்டின் வரலாற்றுச் சரத்துக்குள் மூன்றாம் இடத்தில் புதைந்திருக்க வேண்டியதில்லை. நிகழ்வின் பெயருக்குள் ஆண்டு இருந்தாலும் காலம் கூறிலும் ஆண்டை இடுங்கள். அங்கே மட்டும் சேமித்ததை மீண்டும் எழுதுவதில் தவறில்லை, ஏனென்றால் காலக் கருவி பெயருக்குள் இருக்கும் எண்ணைப் படிக்காது.

இழப்பைக் கணக்கில் எடுத்தல்

சரத்தைப் பிரித்தால் ஒன்று போகும்: எது எதோடு சேர்ந்தது என்ற செய்தி. பிரான்ஸின் பெண் ஆசிரியர்களையும் ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களையும் பற்றிய கட்டுரைகள் ஒரே தொகுப்பில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பதிவில் ‘பெண் ஆசிரியர்கள்’, ‘நிலக்கரிச் சுரங்கங்கள்’, ‘பிரான்ஸ்’, ‘ஜெர்மனி’ என்று நான்கு தலைப்புகள். ஜெர்மனியின் பெண் ஆசிரியர்களைத் தேடுகிறவருக்கும் இது வந்து நிற்கும். சரத்தில் இந்தப் பிழை நேராது. 2007 முடிவுக்குப் பின்னாலிருந்த வலுவான காரணங்களில் இதுவும் ஒன்று.

மாற்று வழிகள் உண்டு. முதலாவதும் சிறந்ததும், பதிவைப் பிரிப்பது: அத்தகைய தொகுப்பில் கட்டுரைக்கு ஒரு பதிவு போடுங்கள். இணையத்தில் அதற்குக் கூடுதல் அட்டை செலவாகாது. பிரிக்க முடியாவிட்டால் மூன்று நான்கு வரிச் சுருக்கம் எழுதுங்கள்; தேடல் முடிவில் அது தெரிந்தால் வாசகர் ஒரே பார்வையில் தெளிந்துகொள்வார். பழைய சரங்கள் ஏற்கெனவே இருக்குமானால் அவற்றை அழிக்காமல் தனிப் புலத்தில் வைத்திருங்கள். ஃபாஸ்ட் தலைப்புகளையும் பழைய தலைப்புகளையும் ஒரே பதிவில் அருகருகே வைக்க மார்க் வடிவம் இடம் தருகிறது: அதே 600 வரிசைப் புலங்களில் இரண்டாம் சுட்டிக்கு (புல எண்ணை அடுத்து வரும் இரண்டு குறிகளில் இரண்டாவதற்கு) 7 இட்டு, எந்தச் சொற்றொகுதி என்பதைத் துணைப்புலம் 2இல் குறித்தால் போதும்.

பல நாடுகளையும் பல காலங்களையும் ஒப்பிடும் ஆய்வு நூல்கள்தாம் உங்கள் சேகரிப்பில் பெரும்பகுதி என்றால், பிரிக்கவே வேண்டாம் என்பேன். படங்கள், கடிதங்கள், ஒலிப்பதிவுகள், அறிக்கைகள் போன்றவற்றில் ஒவ்வொன்றும் ஓரிடத்தையும் ஒரு காலத்தையும் சார்ந்திருப்பதால் இந்தப் பிழை அரிதாகவே தலைகாட்டும்.

ஏழாம் படி: எங்கே சேமிப்பது

மார்க் பயன்படுத்துகிறவர்களுக்குப் புலங்கள் தயாராக உள்ளன: ஆட்பெயர் 600, நிறுவனம் 610, கூட்டம் 611, படைப்புத் தலைப்பு 630, நிகழ்வு 647, காலம் 648, பொருள் 650, இடம் 651, வடிவம் 655.

டிஸ்பேஸ், ஒமேகா போன்ற மென்பொருள்களில் மின்னூலகம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் டப்ளின் கோர் என்ற மீதரவு (வளத்தை விவரிக்கும் தரவு) அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பதினைந்து அடிப்படைக் கூறுகளில் ‘பொருள்’ ஒன்றே ஒன்று. எனவே எல்லாவற்றையும் அதில் கொட்டும் சபலம் வரும். ஆட்பெயர், நிறுவனம், நிகழ்வு, பொருள் நான்கும் அதில் போகட்டும். இடத்தையும் காலத்தையும் ‘பரப்பு’ என்ற கூறின் கீழ், இயன்றால் இடப்பரப்பு, காலப்பரப்பு என்ற விரிவாக்கக் கூறுகளில் வையுங்கள். வடிவம் ‘வகை’க்குப் போகட்டும். ஓர் உள்ளீட்டுக் கட்டத்துக்குள் ஒரே தலைப்பு. காற்புள்ளியோ அரைப்புள்ளியோ இட்டு ஐந்தாறைத் திணித்தால் பிரித்த பயனே போய்விடும்.

சொல்லோடு அடையாள எண்ணையும் சேமியுங்கள். இதைத் தவிர்க்கலாம் என்று தோன்றும், தவிர்க்காதீர்கள். ஃபாஸ்ட் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் நிலையான எண்ணும் அதற்குரிய இணைய முகவரியும் உண்டு. 2010இல் காங்கிரஸ் நூலகம் சமையலுக்கு நெடுங்காலம் வழங்கிய பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு இன்றைய சொல்லுக்கு மாறியபோது, அதைத் தாங்கிய தலைப்புகள் ஏராளமாக மாற வேண்டியிருந்தது. சொல்லை மட்டும் சேமித்தவர்கள் பதிவு பதிவாகத் திருத்த வேண்டும். எண்ணைச் சேமித்தவர்கள் பட்டியலில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். தமிழில் தலைப்புகளைக் காட்ட விரும்புகிறவர்களுக்கும் எண்தான் துணை: எண் ஒன்றே, அதற்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, ஆங்கிலப் பெயர் ஒன்று, மாற்றுப் பெயர்கள் வேண்டிய அளவு. முன்பு பார்த்த தாதியர், நர்சுகள் எல்லாம் இந்த மாற்றுப் பெயர்களாக உள்ளே போய்விடும். எந்தச் சொல்லால் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். இப்படிப்பட்ட பட்டியலை எழுதுவதற்கு ‘ஸ்கோஸ்’ என்ற தரநிலையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2009இல் வெளியிட்டது.

பழைய பதிவுகள் விரிதாளில் இருந்தால் ஓப்பன்ரிஃபைன் என்ற கட்டற்ற மென்பொருள் பெரும் உதவி. நெருங்கிய எழுத்துக்கூட்டல்களைத் தொகுத்துக் காட்டும். வெளிப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்களைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அது முன்மொழியும் பொருத்தங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். லண்டன் என்ற பெயரில் கனடாவிலும் ஒரு நகரம் இருக்கிறது.

எட்டாம் படி: பட்டியலில் இல்லாத சொல்

இருக்கும் தலைப்புகள் நூல்களைப் பார்த்து உருவானவை. நூலகத்துக்கு ஒரு பொருளில் நூல் வந்தால்தான் தலைப்பு பிறந்தது. எனவே இணையத்தில் மட்டும் பேசப்படும் பொருள்களுக்கும், ஆங்கில நூலகங்களுக்கு அதிகம் வராத பண்பாடுகளின் பொருள்களுக்கும் சொல் கிடைக்காமல் போவது இயல்பே. அப்போது அருகிலிருக்கும் தவறான தலைப்பை இழுத்துப் போர்த்தாதீர்கள். உங்களுக்கென்று உள்ளூர்ப் பட்டியல் ஒன்றைத் தொடங்குங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: ஏற்ற வடிவம், மாற்று வடிவங்கள், எந்தப் பொருளில் ஆளப்படுகிறது என்று ஒரு வரி விளக்கம், உங்கள் சொந்த எண். எண்ணின் முன்னொட்டு ஃபாஸ்டிலிருந்து வேறுபட்டிருக்கட்டும். பின்னாளில் ஃபாஸ்டில் அதே பொருள் வந்தால் இணைத்துவிடலாம்.

புதிய சொல்லைச் சேர்க்கும் உரிமை ஒருவரிடமோ இருவரிடமோ மட்டும் இருக்கட்டும். பதிவு செய்கிறவர் ‘சொல் கிடைக்கவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போகட்டும். பட்டியலைப் பராமரிப்பவர் வாரத்துக்கு ஒருமுறை அவற்றைத் தீர்க்கட்டும். எல்லோரும் சேர்க்கலாம் என்று திறந்துவிட்டால், தொடக்கத்தில் விலகி வந்த குறிச்சொல் குவியலுக்கே திரும்பிப் போய்விடுவீர்கள். ‘பலவகை’, ‘மற்றவை’ என்ற தலைப்புகளை முதல் நாளிலேயே தடை செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: சோதனை

ஐம்பது பதிவுகள் முடிந்ததும் நிறுத்தி, வடிகட்டிப் பட்டியலைக் கூறு கூறாகத் திறந்து பாருங்கள். ஒரு தலைப்பின் கீழ் சேகரிப்பில் பாதி இருந்தால் அது மிகப் பரந்தது. இன்னும் குறிப்பான சொல் வேண்டும். எதிரே ‘1’ நிற்கும் தலைப்புகள் நிறைய இருந்தால், ஒன்று அவை மிகக் குறுகியவை, அல்லது ஒரே பொருள் இரண்டு வடிவங்களில் நுழைந்திருக்கிறது. இடப் பட்டியலில் அடுக்கு இல்லாத பெயர்கள் இருக்கின்றனவா? காலத்தில் முடிவு ஆண்டு தொடக்க ஆண்டுக்கு முன்னால் இருக்கிறதா? பத்து நிமிட வேலைதான். ஐயாயிரம் பதிவுகளுக்குப் பின் செய்தால் பல மாத வேலை.

பிறகு, அதே பத்து வளங்களை இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்துத் தலைப்பிடச் சொல்லுங்கள். இடமும் காலமும் வடிவமும் அநேகமாக ஒத்துப்போகும். வேறுபாடு பொருள் கூறில் வரும். அந்த வேறுபாடுகளை உட்கார்ந்து பேசி, எடுத்த முடிவுகளைக் குறிப்பில் ஏற்றுங்கள்: எந்தச் சூழலில் ‘செவிலியர்கள்’, எந்தச் சூழலில் ‘செவிலியம்’ என்பது போல. காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புக் கையேடு அச்சில் நான்கு தொகுதிகளாக இருந்தது. உங்கள் குறிப்பு இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அதைத் தாண்டினால், கைவிட்ட தொடரமைப்பு விதிகள் எந்தப் பத்தி வழியாகத் திரும்பி வந்தன என்று பார்த்து அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள்.